காப்பீட்டின் வரலாற்றில் விடுபட்ட ஏடு



சென்னை மாநகரின் தென்பகுதியில், அடையாற்றின் தென்கரையில் அமைந்திருப்பது கோட்டூர்புரம். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் நான் வாழ்ந்து வரும் இடம் அதுவே. அண்ணா நூற்றாண்டு நூலகம் அங்கு இருப்பதால் உங்களுள் பலர் அவ்விடத்தை அறிந்திருப்பீர்கள். நாள்தோறும் காலை ஆறரை மணி அளவில் நான் உலாவச் செல்லும்போது, பறக்கும் ரயில் நிலையத்தின் படிகளில் பெண்கள் சிலர் விரைந்து இறங்கி வருவதைக் காண்பேன். ஒவ்வொருவர் கையிலும் சோற்றுப் பாத்திரம் வைத்த பை ஒன்று இருக்கும். அலுவலகங்கள் திறக்கும் நேரமன்று அது. அவர்கள் செல்வது வீடுகளுக்கு. அவ்வீடுகளில் படுக்கையிலோ சக்கர நாற்காலியிலோ முதியவர் ஒருவர் அவர்களை எதிர்நோக்கிக் காத்திருப்பார். அவரை எழுப்பி உட்கார வைத்தல், பல் துலக்கி விடுதல், குளிப்பாட்டுதல், உடை மாற்றுதல், கஞ்சி ஊட்டுதல் ஆகியவை இப்பெண்களின் பணி. இதே பணியை இரவு முழுதும் செய்து முடித்த வேறு சில பெண்கள், களைத்த முகத்துடன் அதே படிகளில் ஏறிச் செல்வர்.

இப்பணிக்கு ஆகும் செலவை யார் தருகிறார்? அச்செலவைத் தாங்கும் வசதி இல்லாத வீட்டில் இப்பணியை யார் செய்கிறார்? இவ்விரண்டு வினாக்களுக்கும் விடை காணப் புகுந்தால், ஊதியத்துக்கு உழைப்போரின் வரலாற்றையே ஒருமுறை புரட்டிப் பார்க்க நேரிடும். அவ்வரலாற்றில் ஒரு பகுதியை இன்று உங்கள் முன் வைக்க விழைகிறேன். நோய் முற்றும் தீராமல், பல ஆண்டுகள் பிறர் துணையாலேயே வாழ வேண்டிய நிலை மனிதர்க்கு வருவதுண்டு. அத்துணைக்கு ஆகும் செலவை ஏற்கும் ஏற்பாட்டை நெடுநாட் பராமரிப்புக் காப்பீடு என்று சொல்லலாம். தொழில் நடத்துவோர் தம் ஊழியர்க்கு அளிக்கும் நலன்களுள் இதுவும் ஒன்றாக வேண்டுமா என்பது பல நாடுகளில் எழுந்துள்ள கேள்வி. நம் நாட்டில் அக்கேள்வி இன்னும் உரத்து எழவில்லை. ஏன் எழவில்லை என்பதையே இங்குக் காண்போம்.

பணி கொள்வோர் பணியாளரின் உடல்நலத்துக்குப் பொறுப்பேற்பது நமக்குப் புதிய கருத்தன்று. காஞ்சிபுரம் வட்டாரத்தில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் திருமுக்கூடல் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள பெருமாள் கோயிலில், 11ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று காணப்படுகிறது. அக்கோயிலைச் சார்ந்து ஓர் ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை, நடந்து வந்ததை அக்கல்வெட்டு தெரிவிக்கின்றது. அதில் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர் ஒருவரும் அறுவை செய்வோர் ஒருவரும் பணிபுரிந்தனர். மூலிகை கொணர்வோரும், மருந்து காய்ச்சும் பணிப்பெண்களும் அமர்த்தப்பட்டிருந்தனர். இவர்கள் யாவர்க்கும் கொடுக்க வேண்டிய ஊதியமும் குறிக்கப்பட்டுள்ளது. அம்மருத்துவமனை யாருக்காக நடந்தது என்பதே நாம் கருத்தில் கொள்ள வேண்டியது. அங்கு நடந்த கல்விச்சாலையின் மாணவர்க்கும் கோயிற் பணியாளர்க்குமே அது நடந்தது. ஒரு நிறுவனம் தன்னைச் சார்ந்து உழைத்தோரின் நோய்க்குத் தானே செலவு செய்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் ஒன்றை மறத்தல் ஆகாது. படுக்கைகள் பதினைந்தே. நோய் தீர்ந்தவர் பணிக்குத் திரும்புவார். தீராதவர் வீட்டுக்குத் திரும்புவார். உழவும் கைத்தொழிலும் வீட்டை ஒட்டியே நடந்த அக்காலத்தில், கிழவரின் கட்டிலும் தறியும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. வேலைக்கிடையே ஒருவர் எழுந்து சென்று அவருக்கு நீர் கொடுத்தல் இயலும். அந்த ஒருவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணே என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆலைகள் தோன்றியபோது இந்நிலை மாறியது. சென்னைப் பெரம்பூரில் 1878ஆம் ஆண்டில் பக்கிங்காம் ஆலையும், சில ஆண்டுகளில் கர்நாடிக் ஆலையும் எழுந்தன. வீடு ஓரிடம், வேலை வேறிடம் என்றாயிற்று. சங்கு ஊதியதும் உள்ளே செல்ல வேண்டும். மறுபடி ஊதும் வரையில் வெளியே வருதல் இயலாது. உண்பதற்குக் கூடப் போதிய இடைவேளை இல்லை என்பதே அத்தொழிலாளரின் குறைகளுள் ஒன்றாக இருந்தது. 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. செல்வபதி செட்டியாரும் இராமானுசலு நாயுடுவும் அதற்கு வித்திட்டனர். பி. பி. வாடியா அதன் தலைவரானார், திரு. வி. கலியாணசுந்தரனார் துணைத் தலைவர்களுள் ஒருவராகத் தொண்டாற்றினார். கூலியும் வேலை நேரமுமே அவர்கள் முதலில் பேசியவை. வயது முதிர்ந்து கை தளர்ந்தபின் தொழிலாளி என்ன ஆவான் என்பதைப் பேச அவர்கட்கு அவகாசம் இல்லை. அந்நாளில் அவ்வயதை எட்டியவர்களும் சிலரே.

அதற்கு முன்பே ஐரோப்பாவில் ஒரு புதிய கொள்கை உருவாகியிருந்தது. செருமனியில் பிஸ்மார்க் ஆட்சியில் 1883இல் நோய்க் காப்பீட்டுச் சட்டமும், 1884இல் விபத்துக் காப்பீட்டுச் சட்டமும், 1889இல் முதுமை, உடல் இயலாமை ஆகியவற்றிற்கான காப்பீட்டுச் சட்டமும் நிறைவேறின. தொழிலாளி தன் கூலியில் ஒரு சிறு பங்கு தருவான். முதலாளியும் ஒரு பங்கு தருவார். அவ்வாறு திரண்ட நிதியிலிருந்து, துன்பம் வந்தோர்க்கு உதவி செல்லும். இது பிச்சையுமன்று, முதலாளியின் தயவுமன்று. முன்னரே தன் பங்கைச் செலுத்தியிருப்பதால் தொழிலாளி அதனை உரிமையாகக் கேட்கலாம். இவ்வொரு கருத்தே பின்னர் உலகெங்கும் பரவிற்று.

நம் நாட்டில் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் முதற்படியாக அமைந்தது. வேலையில் கையிழந்தவனுக்கு முதலாளி ஈடு தர வேண்டும் என்று அது விதித்தது. பின்னர், ஆலைத் தொழிலாளர்க்கு நோய்க் காப்பீடு வகுக்கும் பொறுப்பு பேராசிரியர் பி. பி. அதார்க்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் 1944இல் தம் அறிக்கையை அளித்தார். அதன் பயனாக 1948இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் பிறந்தது. உங்கள் வீடுகளில் இ.எஸ்.ஐ. என்று வழங்குவது அதுவே. 1952ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் கான்பூரில் அத்திட்டத்தைப் பண்டித நேரு தொடங்கி வைத்தார். தில்லியிலும் அதே நாளில் அது தொடங்கியது. 1955இல் கோயம்புத்தூர்த் தொழிலாளர்க்கு அது கிடைத்தது.

முதுமைக்கும் ஓர் ஏற்பாடு அதே ஆண்டில் வந்தது. 1952இன் சேமநல நிதிச் சட்டம் சிமெண்டு, சிகரெட்டு, பொறியியல், இரும்பு எஃகு, காகிதம், நெசவு ஆகிய ஆறு தொழில்களில் நடைமுறைக்கு வந்து, பின்னர் விரிந்தது. 1972இல் பணிக்கொடைச் சட்டமும், 1995இல் ஊழியர் ஓய்வூதியத் திட்டமும் வந்தன. இவற்றை வரிசையாக நோக்குங்கள். காயம், நோய், மகப்பேறு, முதுமை, மரணம் என மனிதனுக்கு வரக்கூடிய இடர்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிதியைத் திரட்டியிருக்கிறோம். பெயர் சொல்லி அழைக்கப்படாத இடர் ஒன்று எஞ்சியுள்ளது. அஃது என்னவென்பதை நான் நூல்களில் கற்கவில்லை. என் வீட்டில் கற்றேன்.

2003ஆம் ஆண்டில் என் தாயாரைப் பக்கவாதம் தாக்கிற்று. அப்போது நான் செங்கற்பட்டு வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் ஆசிரியன். மருத்துவமனையில் பதினெட்டு நாள் இருந்தபின், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக் கொள்ளுங்கள் என்று அனுப்பி விட்டார்கள். பார்த்துக் கொள்ளுங்கள் என்பது இரண்டே சொல். அவ்விரண்டு சொல்லும் ஆறு ஆண்டுகள் நீடித்தன. வலக்கையும் வலக்காலும் வராமையால் அம்மா தாமாகப் புரண்டு படுக்கவும் இயலாது. இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டாவிடில் முதுகில் புண் வந்துவிடும். என் மனைவி அப்போது தனியார் பள்ளி ஒன்றில் பதினோராண்டு அனுபவமுள்ள ஆசிரியை. அவ்வாண்டு முடிவில் அவர் வேலையை விட்டுவிட்டார். யாரும் அவரை விடச் சொல்லவில்லை. வேறு வழி உண்டா என்று யாரும் கேட்கவும் இல்லை. நானும் கேட்கவில்லை.

கணக்கு எழுதுவது என் பழக்கம். மருந்துக்கு இவ்வளவு, மருத்துவர் வந்து சென்றமைக்கு இவ்வளவு, நீர்ப்படுக்கைக்கு இவ்வளவு என்று அந்த ஆறு ஆண்டுகளுக்கும் தனி ஏடு வைத்திருந்தேன். 2009இல் அம்மா காலமானபின் ஒருநாள் அதைக் கூட்டிப் பார்த்துக் கொண்டிருந்தேன். என் மனைவி அருகில் வந்து நின்று, "என் சம்பளத்தை எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, அறிய விரும்புபவர் போலவே கேட்டார். ஆறு ஆண்டுச் சம்பளம், அதற்குரிய சேமநல நிதி, பணிக்கொடை, மீண்டும் கிடைக்காமற்போன அவ்வேலை ஆகியவற்றில் ஒன்றும் அவ்வேட்டில் இல்லை. வரலாறும் கணிதமும் முப்பது ஆண்டுகள் கற்பித்தவன், என் வீட்டின் பெருஞ்செலவைக் கணக்கில் எழுதவில்லை.

நான் எழுதாமல் விட்டதையே நம் சட்டங்களும் எழுதாமல் விட்டிருக்கின்றன. ஊதியமின்றி வீட்டில் நடக்கும் வேலை எவர் கண்ணிலும் செலவாகத் தோன்றாது. செலவாகத் தோன்றாத ஒன்றுக்குக் காப்பீடு வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை. அக்கேள்வி நம் நாட்டில் உரத்து எழாமைக்கு இதுவே முதற்காரணம் என்று கருதுகிறேன்.

இனி, மருத்துவக் காப்பீடு உள்ளதே, அது போதாதா என்று நீங்கள் வினவலாம். 1986இல் பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்கள் மெடிக்ளெய்ம் என்னும் திட்டத்தைக் கொணர்ந்தன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா அவற்றுள் ஒன்று. 2000ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. கணினி நிறுவனங்கள் நம் பகுதியில் பெருகின. அந்நிறுவனங்கள் ஊழியர் அனைவரையும் ஒரே குழுவாகச் சேர்த்து மருத்துவக் காப்பீடு எடுத்துத் தருவது வழக்கமாயிற்று. சில இடங்களில் ஊழியரின் பெற்றோரும் அதில் சேர்க்கப்படுவர். இது நல்ல ஏற்பாடே. ஆனால் அது பெரும்பாலும் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுவதற்குரியது. நோயாளி வீடு திரும்பிச் சில வாரங்கள் கழிந்ததும் அதன் கடமை முடிந்துவிடும்.

இதில் ஐயத்துக்கு இடமில்லை. 2019ஆம் ஆண்டில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், மருத்துவக் காப்பீட்டுப் பத்திரங்களில் எவற்றை விலக்கலாம், எந்தச் சொற்களால் விலக்கலாம் என்பதை ஒரே சீராக வகுத்தது. அவற்றுள் ஒரு விலக்கு, குளிப்பாட்டல், உடுத்தல், நடமாடல் போன்ற அன்றாடச் செயல்களுக்கு வீட்டிலோ விடுதியிலோ அளிக்கப்படும் துணையைப் பெயர் சொல்லியே குறிக்கின்றது. துணை செய்பவர் பயிற்சி பெற்ற செவிலியராயினும் பயிற்சியற்றவராயினும் விலக்கு விலக்கே. உங்கள் தந்தையாரின் அலுவலகக் காப்பீட்டுப் பத்திரம் வீட்டில் இருக்குமானால் எடுத்துப் பாருங்கள். காலையில் ரயிலிலிருந்து இறங்கும் அப்பெண்களின் வேலை முழுவதும், தரப்பட மாட்டாதவை என்னும் பட்டியலில் இருக்கக் காண்பீர்கள்.

2007ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, முதிய பெற்றோரைப் பேணுதல் பிள்ளைகளின் கடமை என்று விதிக்கிறது. அச்சட்டம் தேவையானதே. எனினும், காலை எட்டு மணிக்கு அலுவலகப் பேருந்தில் ஏறி இரவு எட்டு மணிக்குத் திரும்பும் பிள்ளை அக்கடமையை எக்கைகளால் செய்வார் என்பதற்கு அதில் விடை இல்லை. மனமுள்ள பிள்ளைக்கும் நாளொன்றுக்கு இருபத்துநான்கு மணி நேரமே.

பிற நாடுகள் என் செய்தன? நெதர்லாந்து 1968இலேயே நெடுநாட் பராமரிப்புக்கென ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நூறாண்டுக்கு முன் வழிகாட்டிய செருமனி, 1995ஆம் ஆண்டு சனவரி முதல் பராமரிப்புக் காப்பீட்டுக்கும் சந்தா பெறத் தொடங்கியது. சம்பளத்தில் முதலில் நூற்றுக்கு ஒரு பங்கு. அதில் தொழிலாளிக்குப் பாதி, முதலாளிக்குப் பாதி. முதலாளிகள் தம் பாதி பெருஞ்சுமை என்று முறையிட்டனர். அதனை ஈடு செய்ய, ஆண்டுதோறும் நவம்பரில் வரும் விடுமுறை நாள் ஒன்றைத் தொழிலாளர் விட்டுக்கொடுத்தனர். சாக்சனி என்னும் மாநிலம் மட்டும் விடுமுறையை விட மறுத்தது. ஆகவே அம்மாநிலத்துத் தொழிலாளர் கூடுதலான பங்கைச் செலுத்துகின்றனர். ஆண்டில் ஒருநாள் உழைப்பைப் பிற்காலப் பராமரிப்புக்கு மாற்றிக் கொண்ட அவ்வுடன்பாடு எளிதில் மறக்கக் கூடியதன்று. சப்பான் 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் இத்தகைய திட்டத்தைத் தொடங்கி, நாற்பது வயது நிரம்பிய யாவரும் சந்தா செலுத்த வேண்டும் என விதித்தது. அங்கும் ஊழியரின் சந்தாவில் பாதியை நிறுவனமே ஏற்கிறது.

தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் சிங்கப்பூரின் முறை நமக்கு இன்னும் பயன்படும். அந்நாடு 2002இல் எல்டர்ஷீல்டு என்னும் திட்டத்தைத் தொடங்கியது. தொடக்கத்தில் மாதம் 300 வெள்ளி வீதம், அதிகமாகப் போனால் ஐந்து ஆண்டுகள் வரை அது உதவிற்று. ஐந்து ஆண்டில் எல்லார்க்கும் துன்பம் முடிந்துவிடுவதில்லை என்பது நாளடைவில் விளங்கிற்று. ஆகவே 2020இல் கேர்ஷீல்டு லைஃப் என்னும் புதுத் திட்டம் வந்தது. மாதம் 600 வெள்ளியில் தொடங்கிய அவ்வுதவி, இயலாமை நீடிக்கும் வரையில், வாழ்நாள் முழுதுமாயினும் கிடைக்கும். முதலாளியும் தொழிலாளியும் செலுத்தும் சேமநிதியின் மருத்துவக் கணக்கிலிருந்தே அதற்குச் சந்தா கட்டலாம். இயலாமையை அளப்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல் மிக எளியது. குளித்தல், உடுத்தல், உண்ணுதல், கழிப்பறையைப் பயன்படுத்தல், நடமாடுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் ஆகிய ஆறு செயல்களில் மூன்றைப் பிறர் துணையின்றிச் செய்ய இயலாதவர் அவ்வுதவிக்கு உரியவர். நம் பத்திரங்களில் விலக்குப் பட்டியலில் உள்ள குளித்தலும் உடுத்தலும் நடமாடுதலும் அங்கு உரிமைப் பட்டியலில் உள்ளன.

கணக்கு ஆசிரியன் ஆதலால் ஒரு கணக்கும் சொல்லி விடுகிறேன். இது கற்பனைக் கணக்கே. கருத்து விளங்கினால் போதும். ஒரு நிறுவனத்தில் ஆயிரம் ஊழியர் எனக் கொள்வோம். அவர்களுள் நூறு பேர்க்கு முதுமையில் மூன்று ஆண்டுகள் துணையாள் தேவைப்படும் என்றும், துணையாளுக்கு மாதம் 20,000 ரூபாய் ஆகும் என்றும் கொள்வோம். ஒருவருக்கு ஆகும் செலவு 7,20,000 ரூபாய். அந்நூறு பேரும் தனித்தனியே முப்பது ஆண்டுகள் சேமித்தால் மாதம் 2,000 ரூபாய் வைக்க வேண்டும். ஆனால் அந்த நூற்றுவர் யாவர் என்பது முன்னரே எவருக்கும் தெரியாது. ஆயிரம் பேரும் கூடிச் சுமந்தால் ஆள் ஒன்றுக்கு 72,000 ரூபாய். அதாவது முப்பது ஆண்டுகட்கு மாதம் 200 ரூபாய். நிறுவனம் பாதி ஏற்றால் ஊழியர்க்கு 100 ரூபாய். இதனையே ஐம்பது வயதில் தொடங்கிப் பத்து ஆண்டுகளில் செலுத்துவதானால் மாதம் 600 ரூபாய் ஆகும். இளமையில் தொடங்குவதும் பலர் கூடுவதும் சுமையை எவ்வளவு குறைக்கின்றன என்று காண்க. இளைஞரும் முதியோரும் ஒரே கூரையின் கீழ்த் திரளுமிடம் தொழிலகம். மாதந்தோறும் சம்பளத்திலேயே பிடித்துக் கொள்ளும் வசதியும் அங்கு உண்டு. இவ்வகைக் காப்பீட்டைத் தொழில் நலனாக அளிப்பதன் பொருத்தம் இதுவே.

இக்கணக்கில் ஒரு பிழை உண்டு. கூர்ந்து நோக்கிய மாணவர் அதைக் கண்டிருப்பீர்கள். முப்பது ஆண்டு கழித்தும் துணையாளின் ஊதியம் 20,000 ரூபாயாகவே இருக்குமா? இராது. நூறு பேர்க்கு என்றது நூற்றைம்பதாகலாம். மூன்று ஆண்டு ஆறாகலாம். என் தாயார்க்கு ஆறே ஆயிற்று. அமெரிக்க நாடு இப்பிழையால் இடர்ப்பட்டது. அங்கு மத்திய அரசு ஊழியர்க்கென 2002இல் பராமரிப்புக் காப்பீடு தொடங்கப்பட்டது. சந்தா முழுவதும் ஊழியர் பொறுப்பு. சேர்வதும் சேராததும் அவரவர் விருப்பம். மக்கள் எதிர்பார்த்ததினும் நெடுநாள் வாழ்ந்தனர். நிதிக்குக் கிடைத்த வட்டியோ குறைந்தது. 2016இல் சந்தா சராசரியாக நூற்றுக்கு 83 பங்கு உயர்த்தப்பட்டது. பல ஆண்டுகள் செலுத்தியவர்கள், முதுமை நெருங்கும் வேளையில், மேலும் செலுத்துவதா அல்லது நன்மையைக் குறைத்துக் கொள்வதா என்று திகைத்தனர். 2022 டிசம்பரில் புதியவர்களைச் சேர்ப்பதே நிறுத்தி வைக்கப்பட்டது. விரும்பியவர் மட்டும் சேரும் சிறு கூட்டத்தைவிட, அனைவரும் சேர்ந்து முதலாளியும் பங்கேற்கும் பெருங்கூட்டமே நிலைத்து நிற்கும் என்பதற்கு இவ்விரு நாடுகளின் அனுபவமும் சான்றாகும். வேலை மாறினாலும் ஊழியரோடு அக்காப்பீடு செல்லுதல் வேண்டும் என்பதையும் சேர்த்துக் கொள்க. இன்று நிறுவனம் தரும் மருத்துவக் காப்பீடு, வேலை முடியும் நாளோடு முடிந்துவிடுகிறது. பராமரிப்புத் தேவை பெரும்பாலும் அதன் பிறகே வருகிறது.

நம் நாட்டில் இதற்கு விதையே இல்லை என்று கூறிவிடவும் முடியாது. பணியின் காரணமாக முற்றிலும் இயலாதவராகி, அன்றாடச் செயல்கள் யாவற்றுக்கும் பிறரை நம்பியிருக்கும் மத்திய அரசு ஊழியர்க்கு, 2006 சனவரி முதல் துணையாள் படி என்று மாதம் 3,000 ரூபாய் அளிக்கப்பட்டுப் பின்னர் உயர்த்தப்பட்டது. துணையும் ஒரு செலவே என்று நம் அரசு ஒப்புக்கொண்ட இடம் அது. மருத்துவத் துறையில் நம் சென்னை முன்னோடியே. 1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி. எஸ். நடராசன் முதியோர்க்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம், படுக்கையில் இருப்போர்க்கு வீடு தேடிச் சென்று இயன்முறை மருத்துவம் அளிக்கிறது. எங்கள் கோட்டூர்புரத்துக்கு அண்மையில், கிண்டியில், முதியோர்க்கான தேசிய மையம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. 2011இன் மக்கள் தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர் அறுபது வயதைக் கடந்தவர். 2031இல் அது நூற்றுக்குப் பதினெட்டாகும் என்று மதிப்பிட்டுள்ளனர். மருத்துவர் வந்து செல்லலாம்; மருந்தும் வந்து சேரலாம். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பதற்கு ஓர் ஆள் அவ்வீட்டிலேயே இருந்தாக வேண்டும்.

அந்த ஆளைப் பற்றியும் ஒரு சொல். ரயில் நிலையத்துப் படியருகே அப்பெண்களுள் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். பன்னிரண்டு மணி நேர வேலை என்றார். "உங்களுக்குப் பி.எஃப். உண்டா அம்மா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "லீவு போட்டால் அன்றைய கூலியே கிடையாது சார், பி.எஃப்.க்கு எங்கே போவது?" என்றார். அவருடைய தாயாரும் படுக்கையில் இருக்கிறாராம். பள்ளியை நிறுத்திவிட்ட மகள் பார்த்துக் கொள்கிறாளாம். அம்மகளுக்கு உங்கள் வயதுதான் இருக்கும். பராமரிப்புக்கு ஒரு நிதி திரட்டப்படுமானால், அந்நிதி பராமரிக்கும் கைகளுக்கும் நியாயமான ஊதியமும் சேமநலமும் தருதல் வேண்டும். இல்லாவிடில் ஒரு வீட்டின் சுமையை எடுத்து மற்றொரு வீட்டுச் சிறுமியின் தலையில் வைத்ததாகவே முடியும்.

மாணவ நண்பர்களே! இன்னும் சில ஆண்டுகளில் நீங்கள் வேலையில் அமர்வீர்கள். பணி ஆணையோடு நலன்களின் பட்டியல் ஒன்றும் தருவார்கள். அதில் உள்ளவற்றைப் படிப்பது போலவே, இல்லாதவற்றையும் எண்ணிப் பாருங்கள். 1918இல் பெரம்பூர்த் தொழிலாளர் உண்பதற்குப் போதிய இடைவேளை கேட்டபோது, அதுவும் வழக்கத்தில் இல்லாத ஒன்றாகவே இருந்தது. கேட்டவர் இருந்தமையால் வழக்கமாயிற்று.

அதற்கு முன் வீட்டில் செய்யக் கூடியது ஒன்று உண்டு. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ யாரேனும் படுக்கையில் இருப்பாராயின், அவரைப் பார்த்துக் கொள்பவர் நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் உழைக்கிறார் என்று ஒரு வாரம் குறித்து வாருங்கள். நான் ஆறு ஆண்டுகள் எழுதாமல் விட்ட கணக்கு அது. என் ஏட்டின் கடைசிப் பக்கத்தில் இப்போது அதனை எழுதி வைத்திருக்கிறேன். தொகையைப் பார்த்துவிட்டு என் மனைவி, இரவு நேரத்தைச் சேர்க்கவில்லையே என்றார். அதையும் சேர்த்தேன்.